டி டிரைவில் எது ரெப்போ, எது வெறும் ஃபோல்டர்?

2024 மார்ச் 2, மாலை 6.15 (கேள்வி, வாசகர் ஒருவரிடமிருந்து)

"வேலை மாறுகிறேன். வரும் வெள்ளிக்கிழமை லேப்டாப்பை ஒப்படைக்க வேண்டும். டி டிரைவில் 200 ஃபோல்டருக்கு மேல் கிடக்கிறது. சிலவற்றில் கிட் (கோடின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கிற கருவி) இருக்கிறது, சிலது வெறும் ஜிப் பிரித்துப் போட்டது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கப் பொறுமை இல்லை. பவர்ஷெல்லைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்யவும் முடியாது, பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல்) மட்டும் ஓடும். ஒரே வரியில் ஏதாவது வழி உண்டா?"

மார்ச் 2, இரவு 9.40

உண்டு. ரெப்போ என்றால் கிட் வரலாறு வைத்திருக்கிற ஃபோல்டர், அதற்குள் டாட் கிட் என்று ஒன்று இருக்கும், அதுதான் அடையாளம். ஃபோனில் தட்டுகிறேன், அதனால் கோடை ஒட்டாமல் வாயால் சொல்கிற மாதிரி சொல்லிவிடுகிறேன், நீங்களே டைப் செய்துகொள்ளுங்கள். ஃபார், ஸ்லாஷ் டி, ஒரு வேரியபிள், இன், அடைப்புக்குறிக்குள் நட்சத்திரம், டூ, இஃப் எக்ஸிஸ்ட், அந்த வேரியபிளோடு பேக்ஸ்லாஷ் டாட் கிட், எக்கோ, மறுபடி அந்த வேரியபிள். அவ்வளவுதான். ஸ்லாஷ் டி போட்டால் ஃபார் கட்டளை ஃபைல்களை விட்டுவிட்டு ஃபோல்டர்களை மட்டும் எடுக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் டாட் கிட் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்து, இருந்தால் பெயரைச் சொல்லும்.

நேரடியாகக் கறுப்புத் திரையில் (கமாண்ட் பிராம்ப்ட்) அடித்தால் வேரியபிளுக்கு முன்னால் ஒரு %, பேட்ச் ஃபைலுக்குள் எழுதினால் %%. இதில் ஒருமுறையாவது தடுக்கி விழாத ஆளை நான் பார்த்ததில்லை.

மார்ச் 2, இரவு 9.52

ஃபைலுக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள், கிட் டாட் பேட் என்று மட்டும் வைக்காதீர்கள். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட் எதைத் தேடினாலும் முதலில் நிற்கிற ஃபோல்டரில்தான் தேடும். உள்ளே கிட் என்று ஒரு வரி வந்தால் நிஜ கிட்டைக் கூப்பிடாமல் தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும், அது மறுபடி தன்னையே. நான் வைத்திருக்கிறேன். திரை ஓடிய வேகத்தைப் பார்த்து "அடேயப்பா, எவ்வளவு ரெப்போ!" என்று அரை நிமிடம் பெருமைப்பட்டுக்கொண்டு வேறு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 3, காலை 7.30

இரவு சொன்னதில் ஒரு திருத்தம், ஒரு மெருகு.

திருத்தம்: நான் சொன்ன வரி ஒரே ஒரு மட்டம்தான் பார்க்கும். டி டிரைவுக்குள் புராஜெக்ட்ஸ், அதற்குள் கிளையன்ட் பெயர், அதற்குள் ரெப்போ என்று அடுக்கி வைத்திருந்தால் ஒன்றும் சிக்காது. ஆழமாகப் போக ஸ்லாஷ் டிக்குப் பதில் ஸ்லாஷ் ஆர் போட்டு, அடைப்புக்குறிக்குள் நட்சத்திரத்துக்குப் பதில் ஒரே ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி மட்டும் இருந்தால் ஃபார் கட்டளை மரம் முழுக்க ஒவ்வொரு ஃபோல்டராக நடக்கும்.

மெருகு: டாட் கிட்டுக்குப் பின்னால் ஒரு பேக்ஸ்லாஷ் சேர்த்துவிடுங்கள். அப்போதுதான் டாட் கிட் என்பது ஃபோல்டர்தானா என்று உறுதியாகும்.

மார்ச் 3, காலை 11.05

ஸ்லாஷ் ஆர் போட்டு ஓடவிட்டால் அரை மணி நேரமாகியும் முடியவில்லை என்கிறார் கேள்வி கேட்டவர். முடியாதுதான். நோட் மாட்யூல்ஸ் (ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்ட்டின் துணைப் பொட்டலங்கள் குவிகிற ஃபோல்டர்) என்ற பெரும் பள்ளத்துக்குள் இறங்கியிருக்கும், ஒரு சின்ன வெப்சைட்டுக்கே அதற்குள் ஆயிரக்கணக்கில் ஃபோல்டர் இருக்கும். ஸ்லாஷ் ஆரிடம் "இதற்குள் போகாதே" என்று சொல்ல வழியே கிடையாது. எனவே நாமே நடக்க வேண்டியதுதான்: ஒரு லேபிள் (பேட்ச் ஃபைலில் ஒரு பகுதிக்கு வைக்கிற பெயர்) வைத்து, கால் (CALL) கட்டளை போட்டு அதைக் கூப்பிட்டு, ஃபோல்டரில் டாட் கிட் இருந்தால் பெயரை எழுதிவிட்டு அங்கேயே திரும்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் மட்டும் உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஃபோல்டருக்கும் அதே லேபிளைக் கூப்பிட வேண்டும். நோட் மாட்யூல்ஸ் பெரும்பாலும் ரெப்போவுக்குள்தானே கிடக்கிறது, அதன் வாசலுக்கே போக மாட்டோம். என் டிஸ்க்கில் நாற்பது நிமிடம் எடுத்த வேலை ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது.

ரெப்போவுக்குள் ரெப்போ இருந்தால் இது தவறவிடும். தெரிந்தேதான் விடுகிறேன்.

மார்ச் 3, மதியம் 2.20

காலையில் நான் பெருமையாகச் சொன்ன அந்தப் பேக்ஸ்லாஷை எடுத்துவிடுங்கள். ஒருவர் தனியாக எழுதிக் காதைத் திருகிவிட்டார், அவர் சொன்னது சரி. டாட் கிட் எப்போதும் ஃபோல்டராகத்தான் இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சப்மாட்யூலாக (ஒரு ரெப்போவுக்குள் இணைத்த இன்னொரு ரெப்போ) இருந்தாலோ, 2015இல் வந்த வொர்க்ட்ரீ வசதியால் (ஒரே ரெப்போவைப் பல ஃபோல்டரில் திறந்து வேலை செய்வது) பிரித்த நகலாக இருந்தாலோ, அந்த இடத்தில் டாட் கிட் என்ற பெயரில் ஒற்றை வரி ஃபைல்தான் இருக்கும். நிஜச் சரக்கு எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டும் அதற்குள் இருக்கும். பேக்ஸ்லாஷ் போட்டால் இவையெல்லாம் கணக்கில் வராது. எனக்கு வொர்க்ட்ரீயில்தான் முக்கால்வாசி வேலை, அதையே விட்டுவிட்டு உங்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

மார்ச் 3, இரவு 10.10

"டாட் கிட் இருக்கிறதா என்று ஏன் மோப்பம் பிடிக்க வேண்டும், கிட்டிடமே கேட்டுவிடலாமே" என்று இரண்டு பேர். கேட்கலாம். கிட், ஹைஃபன் பெரிய சி, ஃபோல்டர் பெயர் மேற்கோள் குறிக்குள், பிறகு ரெவ்-பார்ஸ், இரண்டு ஹைஃபனோடு இஸ் இன்சைடு வொர்க் ட்ரீ. ஆமென்றால் எர்ரர்லெவல் (கட்டளை முடிந்ததும் திருப்பித் தருகிற எண்) 0, ரெப்போ இல்லையென்றால் 128. மேற்கோள் குறி இங்கே கட்டாயம்: பெயரில் இடைவெளி இருந்து குறியில்லாமல் அனுப்பினால் முதல் சொல்லைத்தான் ஃபோல்டர் என்று கிட் எடுத்துக்கொள்ளும், அப்படி ஒன்று இல்லை என்று திட்டும், அந்தத் திட்டையும் நீங்கள் நல்ல பிள்ளையாக நல்லுக்கு (NUL, எதை அனுப்பினாலும் விழுங்கிவிடுகிற இடம்) திருப்பிவிட்டிருப்பீர்கள், ஸ்கிரிப்ட் "ரெப்போ இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

நான் இந்த முறைக்கு மாறியது சில வருடங்களுக்கு முன்பு. முதல் ஓட்டத்திலேயே அதிர்ச்சி, டி டிரைவில் இருந்த அத்தனை ஃபோல்டரும் ரெப்போ என்றது. பாட்டு வைத்திருந்த ஃபோல்டர், கல்யாண ஃபோட்டோ, வரி ரசீது எல்லாமே ரெப்போ. ஒரு மணி நேரம் ஸ்கிரிப்டைக் குடைந்தேன். குற்றவாளி ஸ்கிரிப்ட் இல்லை. எப்போதோ ஒருநாள் அரைத் தூக்கத்தில் டி டிரைவின் ரூட்டிலேயே நின்றுகொண்டு கிட் இனிட் (புது ரெப்போ தொடங்குகிற கட்டளை) அடித்திருக்கிறேன். கிட் தான் நிற்கிற இடத்தில் டாட் கிட் இல்லையென்றால் மேலே, அதற்கும் மேலே என்று ஏறித் தேடும். "இந்த வீடு உங்களுடையதா" என்று கேட்டால் "நான் இந்த ஊர்க்காரன்தான்" என்று பதில் சொல்கிற மாதிரி.

மார்ச் 4, காலை 8.00

அப்படியானால் ரெவ்-பார்ஸிடம் ஷோ டாப்லெவல் (ரெப்போவின் உச்சி ஃபோல்டர் எது) கேட்டு, வருகிற பாதையும் நிற்கிற பாதையும் ஒன்றா என்று ஒப்பிடலாமே என்கிறீர்கள். முயன்று பாருங்கள், ஒருநாளும் ஒன்றாக வராது. கிட் சாய்கோட்டை முன்பக்கமாகப் போட்டுச் சொல்லும், விண்டோஸ் பின்பக்கமாகச் சொல்லும். ஒன்றை மற்றதாக மாற்றலாம்தான். நான் சோம்பேறி, இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்கிறேன்: முதலில் டாட் கிட் இருக்கிறதா, இருந்தால் ரெவ்-பார்ஸ் ஒப்புக்கொள்கிறதா. முதலாவது ஆம், இரண்டாவது இல்லை என்று வந்தால் அதைத் தனி லிஸ்டில் எழுதிக் கண்ணால் பார்க்கிறேன்.

அந்தத் தனி லிஸ்ட் ஏன் முக்கியம் என்று மாலையில் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

மார்ச் 4, மாலை 7.45

பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பெட்டியில் போட்டுப் புதுக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். ரெவ்-பார்ஸ் மட்டும் வைத்த அன்றைய ஸ்கிரிப்ட், அந்த டிஸ்க்கில் ஒரு ரெப்போகூட இல்லை என்றது. இருந்தவை 31. காரணம், 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பிலிருந்து, ஃபோல்டரின் உரிமையாளர் வேறு ஆளாக இருந்தால் கிட் அதைத் தொடாது. பலர் புழங்குகிற கம்ப்யூட்டரில் எவனோ மேல் ஃபோல்டரில் ஒரு டாட் கிட்டை வைத்து, அதன் கன்ஃபிக் வழியாக உங்கள் கணக்கில் தன் கட்டளையை ஓட்டிவிடக்கூடாது என்பதற்காக வைத்த பூட்டு, நல்ல பூட்டுதான். ஆனால் அப்போதும் திரும்பி வருகிற எண் அதே 128. ரெப்போ இல்லாவிட்டாலும் 128, இருந்து கதவைத் திறக்க மறுத்தாலும் 128. திட்டு வாசகத்தை நல்லுக்கு அனுப்பிவிட்டால் வித்தியாசமே தெரியாது. அன்று நான் "சரி, ஒன்றுமில்லை" என்று அந்த டிஸ்க்கை ஃபார்மட் அடிக்கப் போனவன்தான். பெயர்கள் பழக்கமாக இருக்கிறதே என்று ஒரு ஃபோல்டரைத் திறந்ததால் தப்பியது.

வழி: கிட்டின் குளோபல் கன்ஃபிக்கில் (பொது அமைப்பு ஃபைல்) சேஃப் டைரக்டரி என்ற இடத்தில் அந்தப் பாதைகளைச் சேர்க்க வேண்டும். நட்சத்திரம் போட்டால் எல்லாவற்றுக்கும் திறக்கும். திறந்தால் வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

மார்ச் 4, இரவு 9.15

"கிட் ஃபார் விண்டோஸ் இருந்தால் கிட் பேஷும் (லினக்ஸ் பாணிக் கட்டளைத் திரை) கூடவே இருக்குமே, அதில் ஃபைண்ட் கட்டளை ஒரே வரி, எதற்கு இந்தப் பாடு?"

உண்மை. பதில் இல்லை. கேள்வி கேட்டவர் பேட்ச் என்றார், நான் பேட்ச் சொன்னேன். உங்கள் இடத்தில் பேஷ் திறக்கிறது என்றால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். கறுப்புத் திரையில் போய் அந்த ஃபைண்டை அடிக்காதீர்கள், விண்டோஸில் அதே பெயரில் வேறொரு ஃபைண்ட் உண்டு, அது ஃபைலுக்குள் எழுத்துத் தேடுகிற ஆள்.

பவர்ஷெல் பிரியர்களுக்கும் ஒன்று: ஃபோர்ஸ் சேர்க்காமல் தேடினால் டாட் கிட் கண்ணில் படாது. விண்டோஸில் கிட் அந்த ஃபோல்டரை ஒளித்தே வைக்கும். பேட்சில் இஃப் எக்ஸிஸ்ட் ஒளித்ததையும் பார்த்துவிடும். இத்தனை வயதான மொழிக்கு இந்த ஒரு பெருமையாவது இருக்கட்டும்.

மார்ச் 5, காலை 6.50

ரெப்போக்களை எண்ணவைத்தால் எண்ணிக்கை 0 என்றே வருகிறது என்கிறார் கேள்வி கேட்டவர். ஃபாரின் அடைப்புக்குறிக்குள் ஒரு வேரியபிளைக் கூட்டிக்கொண்டே போனால் இப்படித்தான். அடைப்புக்குறி முழுவதையும் பேட்ச் ஒரே மூச்சில் படித்து, % போட்ட வேரியபிள்களுக்கு அப்போதே மதிப்பை எழுதிவிட்டுத்தான் ஓட ஆரம்பிக்கும். டிலேய்டு எக்ஸ்பான்ஷனை (மதிப்பை ஓடும்போது எழுதவைக்கிற வசதி) இயக்கி, % இருந்த இடத்தில் ! போட வேண்டும். போட்டால் எண்ணிக்கை சரியாக வரும், ஆனால் பெயரில் ! இருக்கிற ஃபோல்டர்களின் பெயரில் அந்தக் குறி காணாமல் போகும். என்னிடம் "இதுதான் கடைசி!!" என்று ஒரு ஃபோல்டர் இருந்தது, ஸ்கிரிப்ட் அதை "இதுதான் கடைசி" என்று தேடிப்போய் அப்படி ஒன்று இல்லையே என்று திரும்பி வந்தது. தனி லேபிளுக்குள் போய்க் கூட்டினால் இந்தத் தலைவலியே இல்லை. மேலே சொன்ன கால் முறையில் எழுதியிருந்தீர்கள் என்றால் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறீர்கள்.

மார்ச் 5, காலை 7.05

தமிழில் ஃபோல்டர் பெயர் வைத்தவர்கள் (நான்): ஸ்கிரிப்டின் மேலே சிஎச்சிபி 65001 (திரையை யுடிஎஃப்-8 எழுத்துமுறைக்கு மாற்றுகிற கட்டளை) என்று ஒரு வரி. திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை, அவ்வளவுதான். ஃபைலுக்குத் திருப்பி நோட்பேடில் திறந்தால் சரியாக இருக்கும். பேட்ச் ஃபைலைச் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்று மட்டும் சேமியுங்கள், பிஓஎம் (ஃபைலின் தொடக்கத்தில் ஒட்டுகிற அடையாளக் குறி) உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் முதல் வரியிலேயே எக்கோ ஆஃபுக்கு முன்னால் மூன்று கிறுக்கெழுத்து வந்து ஒட்டிக்கொண்டு, அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று சொல்லும்.

மார்ச் 5, இரவு 11.30

கிட் மாதிரியே இன்னொரு கருவியான எஸ்விஎன் பற்றியும் கேட்டிருந்தார்கள். டாட் எஸ்விஎன் என்று அதே மாதிரி பார்க்கலாம், மெர்க்குரியலுக்கு டாட் எச்ஜி. 2011இல் 1.7 வருவதற்கு முன் எஸ்விஎன் ஒவ்வொரு துணை ஃபோல்டரிலும் ஒரு டாட் எஸ்விஎன் வைக்கும், ஆகவே பழைய நகல்களை ஸ்லாஷ் ஆரில் தேடினால் ஒரே ரெப்போவுக்கு ஆயிரத்துச் சொச்சம் வரி கொட்டும். அப்போதும் கால் முறைதான் காப்பாற்றும், உச்சியிலேயே திரும்பிவிடுகிறோமே.

கால் என்றதும் இன்னொன்று. பழைய விண்டோஸ் கிட்டில் கிட் என்பதே ஒரு சிஎம்டி ஃபைல், அதாவது பேட்ச் ஃபைல்தான். பேட்சுக்குள்ளிருந்து இன்னொரு பேட்சைக் கால் இல்லாமல் கூப்பிட்டால் போனது போனதுதான், திரும்பி வராது. முதல் ஃபோல்டரோடு ஸ்கிரிப்ட் நின்றுவிடும். இப்போதைய கிட் இஎக்ஸ்இ என்பதால் இந்தப் பிரச்சினை இல்லை, என்பிஎம்மிடம் (ஜாவாஸ்கிரிப்ட் பொட்டலங்களை நிறுவுகிற கருவி) இன்றும் உண்டு.

மார்ச் 7, காலை 9.00

நாளை வெள்ளி. லிஸ்ட் வந்துவிட்டது, 63 ரெப்போ, நன்றி என்று எழுதியிருக்கிறார். நான்கு நாளாக நாம் தவறான கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தோமோ என்று இப்போதுதான் எனக்குப் படுகிறது. ரெப்போவா இல்லையா என்று தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? அதில் இருப்பது சர்வருக்குப் போய்விட்டதா என்பதுதானே லேப்டாப்பை ஒப்படைக்கிறவனின் கவலை. எனவே 63இலும் இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். ஸ்டேட்டஸ் போர்சலின்: ஏதாவது வரி வந்தால் கமிட் செய்யாத (வரலாற்றில் பதியாத) மாற்றம் இருக்கிறது. லாக், பிராஞ்சஸ், நாட், ரிமோட்ஸ்: எந்த ரிமோட்டுக்கும் (வேறிடத்தில் இருக்கிற நகல்) போகாத கமிட்டுகளைக் காட்டும். ஸ்டாஷ் லிஸ்ட்: கமிட் செய்யாமல் ஓரமாக ஒதுக்கி வைத்த மாற்றங்களைக் காட்டும்.

மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். முன்பு ஒரு இடத்திலிருந்து கிளம்பியபோது முதல் இரண்டும் சுத்தமாக இருந்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு லேப்டாப்பைக் கொடுத்தேன். மூன்று நாள் வேலை ஸ்டாஷில் கிடந்தது. அடுத்த வாரம் என் இடத்துக்கு வந்த தம்பி ஃபோன் செய்து, "அண்ணா, அந்த ரிப்போர்ட் ஸ்கிரீன் முடிச்சாச்சுன்னு சொன்னீங்களே, எங்கண்ணா இருக்கு?" என்றான். டிஸ்க்கை அதற்குள் துடைத்துவிட்டிருந்தார்கள். உட்கார்ந்து வாயாலேயே அவனுக்குச் சொல்லிக் கட்டவைத்தேன்.

மார்ச் 7, காலை 9.20

கிட் இக்னோரில் (கிட் கண்டுகொள்ள வேண்டாத ஃபைல்களின் பட்டியல்) இருக்கிற ஃபைல்கள் ஸ்டேட்டஸில் வராது. பாஸ்வேர்டு, சர்வர் முகவரி எல்லாம் வைத்திருக்கிற டாட் என்வி ஃபைல் அங்கேதான் இருக்கும். இக்னோர்டு என்று சேர்த்து ஒருமுறை ஓட்டுங்கள். காப்பி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லவில்லை, அடுத்து வருபவருக்கு முறையாகச் சொல்லிவிட்டுப் போவதற்கு.

மார்ச் 8, இரவு 8.40

ஒப்படைத்துவிட்டாராம். 63இல் ஐந்தில் புஷ் ஆகாத (ரிமோட்டுக்கு அனுப்பாத) கமிட், இரண்டில் ஸ்டாஷ். ஒன்று 2019இலிருந்து கிடந்ததாம்.

மார்ச் 16, காலை 10.30

இழை முடிந்தது என்று நினைத்தேன், எனக்கே திரும்பி வந்துவிட்டது. மேலே சொன்ன எல்லாவற்றையும் கோர்த்து ஒரே ஸ்கிரிப்டாக்கி என் சொந்த டிஸ்க்கில் ஓட்டினேன். முதலில் சிக்கிய ஓட்டை: பேர் ரெப்போ. சர்வரில் வைப்பது மாதிரி, வேலை ஃபைல் எதுவும் இல்லாமல் வெறும் வரலாறு மட்டும் இருக்கிற ரெப்போவில் டாட் கிட்டே கிடையாது, ஹெட் ஃபைலும் ஆப்ஜெக்ட்ஸ், ரெஃப்ஸ் ஃபோல்டர்களும் நேராக வெளியிலேயே கிடக்கும். இந்த மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒரு இஃப் சேர்த்தேன். மூன்று கிடைத்தன.

அதைவிடப் பெரிய ஓட்டை இரண்டாவது. ஒரு பழைய ரெப்போ மூன்று கேள்விக்கும் சுத்தம் என்றது. மாற்றம் இல்லை, புஷ் ஆகாத கமிட் இல்லை, ஸ்டாஷ் இல்லை. சந்தேகத்தில் ரிமோட் ஹைஃபன் வி அடித்துப் பார்த்தால் ரிமோட் இருப்பது இ டிரைவில். என் கம்ப்யூட்டரில் இ டிரைவே இல்லை. அந்தக் காலத்தில் ஒரு பென் டிரைவில் பேர் ரெப்போ வைத்து அதற்குப் புஷ் செய்துகொண்டிருந்திருக்கிறேன். "ரிமோட்டுக்குப் போய்விட்டது" என்று கிட் சொல்வது கடைசியாகப் பேசிய நாளின் நினைவிலிருந்துதான், ரிமோட் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அது போய்ப் பார்ப்பதில்லை. நேரில் போய்ப் பார்க்க எல்எஸ்-ரிமோட் அடிக்க வேண்டும், ஒவ்வொரு ரெப்போவுக்கும் நெட்வொர்க்கைத் தொடும், மெதுவாகத்தான் ஓடும், பரவாயில்லை.

கேள்வி கேட்டவரே, உங்கள் 63இல் ரிமோட் எல்லாமே ஆபீஸ் சர்வர்தானே?

மார்ச் 16, மதியம் 12.10

பென் டிரைவ் கிடைத்துவிட்டது, தையல் மிஷின் டிராயரில். திறக்க மாட்டேன் என்கிறது. நல்லவேளை, வரலாறு முழுக்க டி டிரைவ் நகலிலேயே இருக்கிறது. முதலில் அதை வேறு இடத்துக்குப் புஷ் செய்துவிட்டு வருகிறேன், ஸ்கிரிப்ட் அப்புறம்.